என் தலையும் அத்தானின் கத்தரியும்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் பெரிய கட்டோடு படுத்திருந்த மனிதரிடம், "அத்தான், என்ன உதவி வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க" என்று சொன்னேன் பாருங்கள், அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். கேட்கிறவர்களும் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். என் அக்கா புருஷனுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை என் முகத்தைத் தாண்டி மேலே போய் நின்றது.

"உன் தலையைக் கொடு மாப்ளே" என்றார்.

வலிக்குப் போட்ட ஊசியில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அவர் உளறவில்லை.

அத்தான் சலூன் வைத்திருப்பவர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் கடை. இரண்டு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வாசல் பக்கத்து நாற்காலி அவருடையது. உள்பக்கத்து நாற்காலியில் வேலை பார்ப்பவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும், ஆனால் ஊருக்கே அவர் மீசைதான். அந்த மீசையை அத்தான்கூட தொட முடியாது, அவரே கண்ணாடி பார்த்து வெட்டிக்கொள்வார்.

கையில் அடிபட்ட அன்றைக்குச் சுவரில் இருந்த பழைய கண்ணாடியைக் கழற்றி மாட்டியிருக்க வேண்டியது ஒரு தச்சர். மீசையும் தச்சரைக் கூப்பிடலாம் என்றுதான் சொன்னார். "நாலு ஆணியைப் பிடுங்க ஒரு ஆளா?" என்று அத்தானே நாற்காலி மேல் ஏறினார். ஏறினது சுழல் நாற்காலி மேல். அது சுழன்றது. கண்ணாடி இறங்கி வலது மணிக்கட்டை ஆழமாகக் கிழித்துவிட்டது. நரம்பை டாக்டர்கள் தைத்தார்கள். தைத்த பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கின. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை. முடிவெட்டுகிறவருக்கு எந்த விரல் வேண்டுமோ சரியாக அந்த விரல்கள்.

"நரம்பு மெதுவாத்தான் வளரும். பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

நம் வீடுகளில் அப்பாக்கள் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரியவில்லை. அந்தப் பார்க்கலாமைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் பிடித்தால் விடமாட்டார் என்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது என் அப்பா முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்றுதான் சொன்னார். அடுத்த வாரமும் வந்து நின்றார். அதற்கடுத்த வாரமும். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று என் தலையைப் பார்த்து, "யார்கிட்டடா வெட்டின, எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்று என்னையே வம்புக்கு இழுப்பார். கடைசியில் அப்பா சம்மதித்ததற்குக் காரணம் பிடித்துப்போனது என்றெல்லாம் இல்லை. களைத்துப்போய்விட்டார். அக்காவைக் கேட்டால், வீட்டுக் குழாய் ஒழுகியதை அவரே சரிசெய்கிறேன் என்று ஒரு கோடைகாலம் முழுக்க வாளி வைத்துக் காத்திருந்த கதையைச் சொல்வாள். இதையெல்லாம் வெளியே இருந்து பார்ப்பவர்கள் விடாமுயற்சி என்பார்கள். கூடவே குடியிருப்பவர்களிடம் கேட்டால் வேறு வார்த்தை வரும்.

கட்டு பிரித்த மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் இடது கையால் செய்ய ஆரம்பித்தார். யாரும் உதவக் கூடாது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் காலை போய்விடும். சாப்பாட்டில் பாதி மடியில் விழும். அக்கா எடுத்துவிடப் போனால் முறைப்பார்.

"ஒரு பொத்தான் நான் போட்டா குடியா முழுகிடும்?" என்று அக்கா கத்துவாள்.

"நீ உன் வேலையைப் பாரு."

"இதுதாங்க என் வேலை. உங்களைப் பார்த்துப் பார்த்து என் தலைதான் வெடிக்குது."

அக்காவுக்கு வேறு கவலையும் இருந்தது. மீசை, மாமனார் வீட்டுப் பக்கம் தனிக்கடை போட இடம் பார்த்து வைத்திருந்தார். அத்தானுக்கு இப்படி ஆனதும், "மழைக்காலம் முடியிற வரைக்கும் இருக்கேன், அதுக்கு மேல என்னால முடியாது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் கடையில் கத்தரி பிடிக்க ஆள் இல்லை. பக்கத்தில் செல்போன் உறை விற்கிறவர் நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அக்கா அவரிடம் பேசியும் வைத்துவிட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் அத்தான் இடது கையால் ஒழுங்காக ஒரு தலையை வெட்டிக் காட்டினால் கடை அவருடையது. இல்லையென்றால் செல்போன் உறை. அத்தனைதான் விஷயம்.

அதற்குத்தான் என் தலை.

முதல் தடவை உட்கார்ந்தபோது, சும்மா ஓரமாக இரண்டு மயிர் வெட்டிவிட்டு விடுவார் என்று நினைத்தேன். மேல்துணியைக் கழுத்தில் கட்டவே வெகு நேரம் பிடித்தது. சீப்பை மடங்குகிற அந்த இரண்டு விரலில் செருகிக்கொண்டார். கத்தரியை இடது கையில் எடுத்தார். அது அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வைத்திருக்கிற கத்தரி, இரவல் கொடுக்க மாட்டார், மீசையே தொட்டதில்லை. முடியைச் சீப்பால் தூக்கி, கத்தரியை வைத்து மூடினார். வெட்டுப்படவில்லை. முடி இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொண்டது. அது தெரியாமல் அவர் கையை எடுத்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ! அத்தான், பிடுங்குறீங்க!"

"ஆடாம உட்காரு. நீ ஆடுறதாலதான் இழுக்குது."

ஆடியது நானாம்.

நான் வேலை பார்ப்பது பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காலையிலிருந்து மாலை வரை பஸ் எங்கே நிற்கும், எப்போது வரும் என்று சொல்ல வேண்டும். ஊரே வந்து என் முகத்தைப் பார்க்கிற வேலை. முகத்துக்கு மேல் ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக ஒரு தலை இருந்தால் எப்படி இருக்கும்? கேட்க வந்த பஸ்ஸை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஒரு பெரியவர், "தம்பிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தார். விசாரணைக் கவுன்ட்டரில் என்னையே விசாரித்தார்கள். தொப்பி போடலாம் என்று பார்த்தால், சீருடையில் தொப்பி கிடையாது என்று மேலதிகாரி பிடுங்கி வைத்துக்கொண்டார். என் மனைவி வெளியே போகும்போது நாலடி தள்ளியே நடந்தாள்.

"மெஷின் இருக்கே அத்தான், அதால ஓட்டிடலாமே" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"மெஷின் வெட்டும், நான் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா? அதுக்கு ஒரு ஸ்டாண்டு போதும்."

முடி கொஞ்சம் வளர்ந்ததும் கூப்பிடுவார். எனக்கென்று பார்த்து முடியும் அறுகம்புல் மாதிரி வளர்ந்து தொலைக்கும். ஒவ்வொரு தடவையும் போகக் கூடாது என்று முடிவு செய்வேன். மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து மீசை வந்து கவுன்ட்டர் முன்னால் நிற்பார், "அண்ணே, கூப்பிடுறாரு" என்பார். அவர் முகமும் பாவமாக இருக்கும். நான் போய்த் தொலைப்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, அத்தான் உழைத்தார். வீட்டில் பழைய துடைப்பத்தை நாற்காலியில் கட்டி வைத்து வெட்டுவார். அக்காவின் கம்பளி நூலைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு வெட்டுவார். கத்தரி மாட்டிக்கொள்ளாமல் இருக்க அலகைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அழுத்தி அழுத்தி உள்ளங்கையில் தோல் தடித்துப்போனது, கட்டை விரல் அடியில் புண் வந்து ஆறி மறுபடியும் வந்தது. என் தலையில் மட்டும் எந்த முன்னேற்றமும் இல்லை. முன்பு பிடுங்கியது, இப்போது கொஞ்சம் குறைவாகப் பிடுங்கியது. மழைக்காலம் வந்து பாதியும் போய்விட்டது. செல்போன் உறைக்காரர் நாடாவோடு வந்து சுவரை அளந்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் கடைப் பக்கம் டீக்கடையில் மீசையைப் பார்த்தேன். என் தலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எனக்கே பொறுக்கலைண்ணே. நீங்களாவது அவர்கிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"எதை?"

"அது வலது கைக் கத்தரிண்ணே. அலகு ரெண்டும் வலது கை அழுத்தத்துக்குச் சேர்ற மாதிரி பண்ணியிருப்பாங்க. இடது கையில பிடிச்சா அலகு விலகும், முடி மடங்கும். வருஷக்கணக்கா பழகினாலும் அப்படித்தான். இடது கைக்குன்னு தனியா கத்தரி இருக்கு."

"இதை ஏன்யா இத்தனை நாளா சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். அவர்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கத்தரியைப் பார்த்து வாயைத் திறக்காதேன்னுட்டாரு. தொழில் பண்றவருக்கு இது தெரியாம இருக்குமா?"

எனக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது. இத்தனை மாதமாக என் தலையைக் கொத்திக் குதறியது கையின் குற்றம் என்றல்லவா நினைத்திருந்தேன்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஊர் சிரித்தது, வீட்டில் பேச்சு வாங்கினேன். எல்லாம் வேண்டுமென்றே எடுத்த தப்பான கத்தரிக்கு. டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குள் புகுந்தேன். அத்தான் தனியாக உட்கார்ந்து சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது வலது கைக் கத்தரின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அத்தான், உங்களைத்தான் கேக்குறேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா என் தலையை இந்தப் பாடு படுத்தினீங்க? சந்தைக்குப் போய் ஒரு கத்தரி வாங்கிட்டு வர்றதுக்கு என்ன கேடு?"

நிமிர்ந்து பார்த்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"வாங்கிட்டா, இந்தக் கை போயிடுச்சுன்னு ஆயிடும்ல மாப்ளே."

வலது கை மடியில் கிடந்தது. அந்தக் கையை அவர் எப்போதும் துண்டுக்குள்ளோ பையிலோ வைத்திருப்பார். அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே சதை வற்றிக் குழிந்திருந்தது. இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள், இத்தனை நாள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். டாக்டர் பார்க்கலாம் என்றார். அக்கா கடவுள் விட்ட வழி என்றாள். எனக்கு அந்த நேரத்தில் தலை எரிந்தது, கோபம் அடங்கவில்லை.

"போயிடுச்சு அத்தான்" என்றேன். "அது போயிடுச்சு. உங்களைத் தவிர ஊருக்கே தெரியும்."

"வெளியே போ."

"போறேன். இனிமே என் தலையைக் கேட்டீங்கன்னா நடக்கிறதே வேற."

சந்து முனை வருவதற்குள் கோபம் வடிந்துவிட்டது. திரும்பிப் போக மனம் வரவில்லை. சாயங்காலமே அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "என்னடா சொல்லித் தொலைச்ச அவர்கிட்ட? வந்ததிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்காரு. சோறு வேண்டாங்கிறாரு. உன் வாய் இருக்கே, அதை முதல்ல தைக்கணும்." எனக்கும் சோறு இறங்கவில்லை. நான் சொன்னது பொய்யில்லை, ஆனாலும் படுத்துக் கிடக்கிறவனை மிதித்த மாதிரி இருந்தது.

அந்த வாரம் முழுக்க மீசை என்னைக் கூப்பிட வரவில்லை. கடைக்கு அத்தானும் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். செல்போன் உறைக்காரர் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார்.

அப்புறம் ஒரு காலை, கவுன்ட்டரில் நல்ல கூட்டம். ஒருவர் பிளாட்பாரம் கேட்டார், ஒரு அம்மா கடைசி பஸ் போய்விட்டதா என்று கேட்டார். அடுத்த ஆள் என்று தலையைத் தூக்கினால், அத்தான். வரிசையில் நின்று வந்திருக்கிறார். சட்டையின் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று தப்பாகப் போடப்பட்டிருந்தன, யாரையும் தொடவிட்டிருக்க மாட்டார். என்னை முன்னே பின்னே பார்த்தே இராதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"சலூன் சாமான் விக்கிற கடைத்தெருவுக்கு எந்த பஸ்?"

அந்தக் கடைத்தெருவுக்கு அவர் போகாத மாதம் கிடையாது. சவரக்கத்தியும் பவுடரும் அங்கேதான் வாங்குவார். எந்த பஸ், எந்த டிரைவர், டிரைவருக்கு எந்தப் பக்கம் வழுக்கை என்பது வரை அவருக்குத் தெரியும்.

"கடைசி பிளாட்பாரம்" என்றேன். "இப்ப கிளம்பிடும்."

"சரி" என்று நகர்ந்தார். பின்னால் நின்ற ஆள், "சீக்கிரம் சொல்லுங்க சார், எங்களுக்கும் பஸ் இருக்கு" என்று எரிந்து விழுந்தார். அன்றைக்கு அவருக்கு நான் எந்த பஸ்ஸைச் சொல்லி அனுப்பினேன் என்று சத்தியமாக ஞாபகமில்லை.

புதுக் கத்தரி வந்ததும் எல்லாம் சுபம் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு என் குடும்பத்தைத் தெரியாது. தப்பான கத்தரியோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அந்த இடது கை, பக்கவாட்டில் அழுத்துவதற்கு நன்றாகவே பழகியிருந்தது. சரியான கத்தரியிலும் அதே அழுத்தம்தான் போட்டது. விளைவு, புதுக் கத்தரியும் கடித்தது. பாடுபட்டுக் கற்றதை இப்போது பாடுபட்டு மறக்க வேண்டியிருந்தது. துடைப்பம், கம்பளி நூல் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மீசை வந்து கவுன்ட்டர் முன்னால் நின்றார். "அண்ணே" என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை. நடக்கிறதே வேற என்று வீரம் பேசியவன் எழுந்து பின்னாலேயே போனேன்.

ஆனால் இப்போது ஒன்று மாறியிருந்தது, அதைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தப்பு நடந்தால் நான் ஆடினேன், வெளிச்சம் சரியில்லை, மீசை மூச்சு விடுகிறார் என்று ஆயிரம் காரணம் வரும். இப்போது தப்பு நடந்தால் நின்றுவிடுவார். கத்தரியைக் காற்றில் வெறுமனே திறந்து மூடுவார். "ம்ம், அழுத்திட்டேன்" என்பார். திரும்ப வைப்பார். கொஞ்சம் கொஞ்சமாகத் தலையில் சத்தம் மாறியது. முடி மடங்கும்போது கத்தரி சத்தம் போடாது. வெட்டும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அது அடுத்தடுத்து வந்த மத்தியானம், மீசை உள்பக்க நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் மனைவி என் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

மழை விட்டது. மீசை கிளம்பினார். அக்கா செல்போன் உறைக்காரரிடம் போய் என்ன சொன்னாளோ, அவர் எங்கள் எல்லாரையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடையில் அத்தான் மட்டும். முதல் நாட்கள் மோசம்தான். வழக்கமாக வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "மீசை இல்லையா? அப்புறம் வரேன்" என்று நழுவினார்கள். அத்தான் கடையைத் திறந்து, தூசு தட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவார். நான் போய் உட்கார்ந்தால், "உனக்கு வெட்ட என்ன மிச்சம் இருக்கு, போ" என்று விரட்டினார். அந்த நாட்களில் அக்கா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் கத்துகிற சத்தம் இல்லாதது எனக்குப் பயமாகவே இருந்தது.

எங்கள் பக்கத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் உட்கார்ந்தார்கள், மீசையைத் தெரியாதவர்கள். அப்புறம் மீசையைத் தெரிந்தவர்களும் வேறு வழியில்லாமல் வந்தார்கள். நானும் ஒருநாள் வேலை முடிந்து, முடி காதை மறைக்கிறதே என்று கடைக்குப் போனேன். நாற்காலியில் ஒரு ஆள், பெஞ்சில் இரண்டு பேர். நேரே உள்ளே நுழைந்தேன், அந்த நாற்காலிக்கு என்னைவிட உரிமைக்காரன் யார்?

"எங்க வர்ற? உனக்கு முன்னாடி ஆள் இருக்கு, உட்காரு" என்றார் அத்தான், திரும்பிக்கூட பார்க்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் தலை கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா? பெஞ்சில் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்து ஆள் நகரவும் மாட்டேன் என்றார்.

நாற்காலியில் இருந்தவர் சும்மா இருக்கிற ரகமில்லை. பின்னால் இன்னும் குறையுங்கள், பக்கத்தில் குறைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தானின் முகம் சிவந்துகொண்டு வந்தது. சீப்புப் பிடித்திருந்த வலது கை கண்ணாடியில் தெரிந்ததும் அந்த ஆள் தலையைத் திருப்பி நேராகவே பார்த்தார்.

"என்னங்க, இந்தக் கைக்கு என்னாச்சு?"

பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"அது போயிடுச்சு" என்றார் அத்தான். "தலையைக் குனிங்க, எத்தனை தடவை சொல்றது?"

அந்தக் குரலில் எரிச்சலைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. கத்தரி மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து ஆள் பார்க்கிறாரே என்று பழைய செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டு, என் முறை வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.